சொல்லிவிட்டு வெடிக்கும் சாட்டை

தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு நான் வாழ வந்த வாரத்தில் ஒரு சாயந்தரம், அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பட்டீரென்று ஒரு சத்தம். பானை கையிலிருந்து போனது. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஒண்ணுமில்ல. ஆயம்மா வெடி போடுது” என்றார்.

“ஆயம்மாவா? வெடியா?”

“தெனமும் போடும். பழகிரும். சோறு என்னா ஆச்சு?”

சோறு அடுப்படி முழுக்க இருந்தது. அன்றைக்குப் பாண் ரொட்டியும் சம்பலும்தான். என் தாய்வீடு கரவனெல்லைக் கடைத்தெருவில். அப்பா பீடி, வெற்றிலை, கருவாடு விற்கிற சின்னக் கடைக்காரர். அரநாயக்கப் பக்கத்து மலையில் லயத்து மாப்பிள்ளைக்கு என்னைக் கொடுத்தபோது அட்டை கடிக்கும், மழை விடாது, கரண்ட் கிடையாது என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். பக்கத்துக் காம்பரா வீட்டில் வெடி போடுகிற பொம்பிளை இருப்பாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சண்டைக்கு என்றுதான் பின்பக்கம் போனேன். பழைய ரப்பர் புகைக்கூடம் இடிந்து கிடந்த இடத்தில் கொஞ்சம் வெட்டவெளி. அங்கே சேலையைத் தூக்கிச் செருகிய குள்ளமான ஒரு பொம்பிளை, தன்னைவிட இரண்டு மடங்கு நீளமான சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தாள். சாட்டை ஒரு வட்டம் போய் முன்னால் நீண்டது. நுனி மட்டும் கடைசியில் வெடுக்கென்று திரும்பியது. பட்டீர். எதிர்மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, குழம்புக்கு உப்புப் பார்க்கிறவள் மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

“கொஞ்சம் மொட்டையா இருக்கில்ல?” என்று என்னைக் கேட்டாள்.

“என் சோறு கொட்டிப் போச்சு.”

“அப்ப சத்தம் பரவாயில்ல” என்றாள்.

எங்கள் சிநேகம் இப்படித்தான் தொடங்கியது. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் லயத்துக்கே ஆயம்மா. கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் அவளுக்கு வேலை. நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன். பதிலுக்கு என் பெயரையும் அவள் தொலைத்துவிட்டாள். கடைசி வரைக்கும் நான் அவளுக்குக் ‘கடைக்காரப் புள்ள’தான்.

அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எதையாவது பின்னிக்கொண்டே இருக்கும். காலையில் ஒற்றைச் சடையோடு மடுவத்துக்குப் போகும் பெண்பிள்ளை, சாயந்தரம் நாலு பிரி, ஆறு பிரி என்று தலையில் ஒரு கோட்டையோடு திரும்பி வரும். அதை அவிழ்க்கத் தெரியாமல் தாய்மார் ஆயம்மாவைத் திட்டிக்கொண்டே சீப்பை உடைப்பார்கள். மடுவத்துத் தொட்டில் கயிறு பின்னல், சாவிக் கயிறு பின்னல், குடைப்பிடிக்கு ஒரு பின்னல். அவள் புருஷன் ரப்பர் ஸ்டோரில் வாச்சர். அவருடைய டார்ச் லைட்டுக்கும் பின்னலில் ஒரு சட்டை. மனுஷனுக்குக் காது மந்தம். அதனால்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் இதெல்லாம் கைப்பழக்கம். சாட்டைதான் அவளுக்கு ஆசை. வேலியோரக் கற்றாழை மடலை அடித்து நார் எடுப்பாள். உரச்சாக்கு விளிம்பிலிருந்து நைலோன் நூலை உருவுவாள். சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி உள்ளே வைப்பாள். வாசல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிப் பின்னிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து போவாள். சாட்டை நீள நீள அவள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடுவாள். பிடியருகே தடிமனாகத் தொடங்கும் பின்னல், போகப் போக ஒவ்வொரு பிரியாகக் குறைந்து கடைசியில் வாலாக ஒடுங்கும். எந்த இடத்தில் எந்தப் பிரியை விட்டாள் என்று தடவினாலும் தெரியாது. பிடிக்குத் தேயிலைக் கட்டை. பின்னி முடித்ததும் தேங்காயெண்ணெய் தடவி, அம்மிக் குழவியால் உருட்டுவாள். வாலின் நுனியில் கட்டுகிற மெல்லிய நூல்தான் உயிர். அது இல்லாவிட்டால் சாட்டைக்கு வாய் இல்லை.

“வெடிக்கிறது கையில இல்ல புள்ள. பிடியில கெளம்புது, பின்னல்ல ஓடுது, ஓட ஓட வேகம் கூடுது. வால்ல போயி திரும்புது பாரு, அங்கதான்” என்பாள். எனக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரித் தலையாட்டினால் மறுபடி முதலிலிருந்து சொல்வாள் என்பதால் தலையாட்டவும் இல்லை.

இதை எங்கே படித்தாய் என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில். ஒரு நாள் பெரஹரா ஊர்வலத்தில் முன்னால் போகும் கசக்காரர்களைப் பார்த்துப் பழகினேன் என்பாள். கச என்றால் சிங்களத்தில் சாட்டை. இன்னொரு நாள் ஒரு சர்க்கஸ்காரன் சொல்லித்தந்தான் என்பாள். எனக்குக் கோபம் வந்து ‘எதுதான் நெசம்’ என்று கேட்டபோது, “எது ஒனக்குப் புடிச்சிருக்கோ அத வச்சுக்க” என்றாள்.

அந்தச் சாட்டையால் அவள் எதையும் அடித்ததில்லை. ஒரு இலையைக்கூட. கீழ்க் கிராமத்திலிருந்து விறகு ஏற்ற வரும் வண்டிக்காரர் ஒரு தடவை ஆசைப்பட்டுச் சாட்டை ஒன்று கேட்டார்.

“என்னா மாடு வச்சிருக்கீங்க?” என்று விசாரித்தாள்.

“வெள்ளைக் காளை, ஆயம்மா.”

“அடி வாங்குமா?”

“வாங்கும், வாங்கும். வாங்காட்டி நடக்காது.”

“அப்ப ஒங்க மாட்டுக்கு எஞ் சாட்டை சரிவராது. இது மேல படாம பேசற சாட்டை. ஒங்க மாடு அந்தப் பள்ளிக்கூடம் படிக்கல” என்று சொல்லி, அவரை வெறும் தேத்தண்ணியோடு அனுப்பிவைத்தாள்.

இவ்வளவு நியாயம் பேசுகிறவள் திருடி என்பது எனக்குத் தீபாவளிக்கு முன்தினம் தெரிந்தது. என் கூறைச் சேலையை வெயிலில் போட்டு எடுத்தேன். முந்தானைக் குஞ்சத்தில் ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி மொட்டை. எலி என்றால் பருத்தியையும் கடிக்கும். இந்த எலி பட்டை மட்டும் கடித்திருந்தது. நேரே அடுத்த காம்பராவுக்குப் போய், ஆணியில் தொங்கிய சாட்டையின் வாலைப் பிடித்துப் பார்த்தேன். என் கல்யாணத்து அரக்கு நிறம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, இது என்னா?”

“எல்லா நூலும் கட்டிப் பாத்தாச்சு புள்ள. நைலோன் கத்துது. பருத்தி முணங்குது. பட்டுத்தான் பேசுது.”

“அது என் கூறை.”

“அதான் இவ்வளவு நல்லாப் பேசுது” என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. லயத்தில் பேசாமலிருப்பது எளிதல்ல. நடுவில் இருப்பது அரைச்சுவர். கரண்டி எங்கே என்று அவள் தன் புருஷனைக் கேட்டால், அவருக்குக் கேட்காது, எனக்குத்தான் கேட்கும். ஒரு நாள் வாய் தவறி ‘உறியில பாருங்க’ என்று நானே சொல்லிவிட்டேன். சண்டை அதோடு தீர்ந்தது. கூறையை மட்டும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இனி அவளுடைய வேடிக்கையைச் சொல்ல வேண்டும். மலை அதிர வெடி போடுகிற ஆயம்மாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி எங்கள் தோட்டத்தில் கிடையாது. இடி இடித்தால் கட்டிலுக்கடியில். லொறி டயர் வெடித்தால் கட்டிலுக்கடியில். தீபாவளி என்றால் காலையிலேயே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒரு தட்டு பலகாரத்தோடு கட்டிலுக்கடியில் குடிபோய்விடுவாள். பலகாரம் கேட்டுப் போகிற பிள்ளைகளும் குனிந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கேலி பண்ணாத தீபாவளி இல்லை.

“ஒங்க சத்தத்துல பாதி வராதுக்கா இந்தச் சீனவெடி. இதுக்குப் போயா?”

“எஞ் சத்தம் எப்ப வரும்னு எனக்குத் தெரியும். இது எவன் கையில இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?”

அவள் அதற்கு மேலே சொன்னது ஒரே ஒரு தடவைதான். என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சொல்லியிருக்கலாம். கலவர வருஷத்தில் அவள் வேறொரு தோட்டத்தில் இருந்தாளாம். லயத்தை விட்டு ஓடித் தேயிலைக்குள், தண்ணீர்க் கானில் படுத்துக் கிடந்தார்களாம். “சத்தம் வந்துகிட்டே இருக்கு. தகரமா, கதவா, துவக்கா, தெரியல. எந்தப் பக்கம்னு தெரியல. யாரு கைன்னு தெரியல. கூரை எரியிறதுகூட ஒரு மாதிரி. பாத்துடலாம். சத்தம் அப்படியில்ல புள்ள.” பிறகு சடையை இழுத்து முடிந்துவிட்டு, “தலையா இது, தேங்கா நாரு” என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு தீபாவளிக்குக் கேலி பண்ணுவதை விட்டுவிட்டேன். பஞ்சு நானே வாங்கிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காவல் கொட்டில் போட்டார்கள். பேக்டரிக்குக் கரண்ட் கொடுக்கிற டிரான்ஸ்போமருக்குப் பாதுகாப்பாம். எங்களுக்குக் கரண்டே கிடையாது. டிரான்ஸ்போமருக்குக் காவல் மட்டும் கிடைத்தது. மணல் மூட்டை, தகரக் கூரை, துவக்கோடு ஹோம்காட் என்கிற ஊர்க்காவலுக்குக் கீழ்க் கிராமத்து ஆள் ஒருவன். கொட்டில் போட்டதிலிருந்து அடைமழை. மழையில் நார் ஊறிவிடும் என்பதால் ஆயம்மா சாட்டையைத் தொடவில்லை. அதனால் காவல் வந்தால் சாட்டைக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மழை விட்ட சாயந்தரம் அவளுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. விடாமல் அடித்தாள். எதிர்மலையும் சேர்ந்து அடித்தது. அவள் சாட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ஜீப் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றது. துவக்குகளோடு பொலிஸ்காரர்கள், வழிகாட்ட அந்த ஹோம்காட். முன்னால் சார்ஜன், அவருக்கு வயிறு முந்தி வரும், ஆள் பிந்தி வருவார். வாசலில் நின்றது என் வீட்டுக்காரர்.

“கவுத வெடி திப்பே?” என்றார் சார்ஜன்.

இந்த ஒரு சொல்லால்தான் எல்லாம் வந்தது. எங்களுக்குத் தீபாவளிக்குக் கொளுத்துவதும் வெடி, பாறைக்கு வைப்பதும் வெடி, ஆயம்மா போடுவதும் வெடி. சிங்களக்காரர் வாயில் வெடி என்றால் துவக்குச் சூடு. யார் சுட்டது என்றுதான் சார்ஜன் கேட்டார். என் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நம் லயத்து வார்த்தை சார்ஜன் வரைக்கும் போயிருக்கிறதே என்று நினைத்துவிட்டார். தெரிந்த சிங்களத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, சிரித்த முகத்தோடு சொன்னார்:

“ஆயம்மா தமய் மாத்தயா வெடி திப்பே. ஹெமதாம ஹவசட்ட வெடி தியனவா.”

ஆயம்மாதான் சுட்டது. தினமும் சாயந்தரம் சுடும்.

ஜீப்பைச் சுற்றியிருந்த துவக்கெல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. “துவக்குவ கோ?” துவக்கு எங்கே என்று சார்ஜன் கத்தினார். துவக்கு எங்களுக்கும் துவக்குத்தான். என் வீட்டுக்காரர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் தண்ணீர்ப் பீலியடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

“வெடி நெமெய் மாத்தயா, கச! வெடி நெமெய், கச!”

சுடவில்லை, சாட்டை. கடைத்தெருவில் கருவாடு விற்ற சிங்களம் எனக்கு அன்றைக்குக் கைகொடுத்தது. பெரஹராவில் அடிக்கிற கச மாதிரி, அந்தப் பொம்பிளை பொழுதுபோக்குக்கு அடிப்பாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சார்ஜன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொம்பிளை கச அடித்து அவர் கேள்விப்பட்டதில்லை.

“அப்படியென்றால் அடித்துக் காட்டட்டும். கொட்டிலுக்குக் கேட்ட அதே சத்தம் வரவேண்டும். வராவிட்டால் துவக்கு எங்கே என்று இவனை ஸ்டேஷனில் வைத்துக் கேட்டுக்கொள்கிறோம்.”

இவன் என்றது என் வீட்டுக்காரரை. அவரை ஜீப்பில் ஏற்றி உட்காரவைத்தார்கள். ஏறும்போது ஒரு செருப்பு கழன்று கீழே கிடந்தது. அந்த நாட்களில் ஜீப்பில் ஏறிய எங்கள் ஆம்பிளை எப்போது திரும்புவான் என்பது ஜீப்புக்கே தெரியாது.

ஆயம்மா எங்கே இருப்பாள் என்று தேட வேண்டியதில்லை. நேரே கட்டிலுக்கடியில் குனிந்தேன். ஜீப் சத்தத்துக்கே காதில் பஞ்சு ஏறியிருந்தது.

“வெளிய வாங்க அக்கா. சாட்டை அடிச்சுக் காட்டணுமாம்.”

“துவக்கு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நான் வரல.”

“அவர ஜீப்புல ஏத்திட்டாங்க அக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தவழ்ந்து வெளியே வந்தாள்.

வெட்டவெளியில் சுற்றிலும் துவக்கு, நடுவில் அவள். வீசினாள். சாட்டை பொத்தென்று ஈரத் துணி மாதிரி மண்ணில் விழுந்தது. ஒரு பொலிஸ்காரர் சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை, ஜீப் பக்கம் திரும்பினார்.

“நுனி போச்சு புள்ள” என்று ஆயம்மா என்னிடம் முணுமுணுத்தாள். “நூல் அறுந்திருக்கு. பட்டு இல்ல.”

நான் உள்ளே ஓடினேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, கூறையின் முந்தானையைக் காலில் மிதித்துக்கொண்டு குஞ்சத்தைக் கொத்தாகப் பிய்த்தேன். கொண்டுவந்து நீட்டினால், திருடி தயங்குகிறாள்.

“இவ்வளவு வேணாம் புள்ள. சேலை கெட்டுரும்.”

“கட்டுங்க அக்கா” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். சாட்டையைத் தூக்கினாள். தூக்கின கையை அப்படியே இறக்கிவிட்டுச் சார்ஜனிடம் நடந்தாள்.

“மாத்தயா, துவக்கு பிமட்ட ஹரவன்ன.”

துவக்கையெல்லாம் தரையைப் பார்க்கத் திருப்புங்கள் என்கிறாள். ஏன் என்று சார்ஜன் கேட்டார். ஆயம்மாவின் சிங்களம் அத்தோடு தீர்ந்துபோனது. தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இத்தனை துவக்குல எது எப்ப பேசும்னு எனக்குத் தெரியாது. தெரியாட்டி எனக்குக் கை வராதுன்னு சொல்லு புள்ள. நான் சொல்லிட்டுத்தான் அடிப்பேன். இவங்க சொல்லிட்டுச் சுடுவாங்களான்னு கேளு.”

முதல் பாதியை மட்டும் சிங்களமாக்கினேன். கடைசிக் கேள்வியை விழுங்கிவிட்டேன். எனக்குப் புருஷன் வேண்டும்.

சார்ஜன் அந்தக் குள்ளப் பொம்பிளையையும் அவள் காதில் துருத்திக்கொண்டிருந்த பஞ்சையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் ஆட்களுக்குக் கையால் ஒரு சைகை. துவக்குகள் ஒவ்வொன்றாகத் தரையைப் பார்த்தன.

“கசா!” என்று ஆயம்மா கத்தினாள்.

என் கல்யாணப் பட்டு அன்றைக்குப் பேசிய மாதிரி ஒரு நாளும் பேசியதில்லை. மலை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. சத்தம் அடங்கியபோது ஒரு ஆள் குறைந்திருந்தது. பார்த்தால் அந்த ஹோம்காட், துவக்கைத் தூர எறிந்துவிட்டுத் தலைகுப்புறக் கானுக்குள் கிடக்கிறான். கால் மட்டும்தான் தெரிந்தது. முதலில் சார்ஜனின் வயிறு குலுங்கியது, பிறகு சார்ஜன். பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள், லயம் சிரித்தது, ஜீப்பிலிருந்து என் வீட்டுக்காரரும் சிரித்தார். “நீ என்ன சிரிக்கிறாய், இறங்கு” என்று அவரை இறக்கிவிட்டார்கள். அவருடைய செருப்பை நானே எடுத்துக் காலில் போட்டேன்.

சிரிக்காத ஒரே ஆள் ஆயம்மா. கானடிக்குப் போய்க் குந்தினாள்.

“பய உனாத மல்லி?” என்று கேட்டாள். பயந்துட்டியா தம்பி என்று. பிறகு தன் காதிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் சேற்று முகத்தோடு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, காதில் வைக்க வெட்கப்பட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சார்ஜன் போகும்போது ஒரு சட்டம் போட்டார். இனிமேல் அடிக்கிறதற்கு முன்னால் கொட்டிலுக்குச் சத்தம் கொடுக்க வேண்டும், கொட்டில் சரி என்றால்தான் அடிக்க வேண்டும். லயமும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது: என் வீட்டுக்காரர் இனிச் சிங்களம் பேசக்கூடாது.

அதிலிருந்து எங்கள் சாயந்தரம் இப்படி ஆனது. இந்தப் பக்கமிருந்து ஆயம்மா, “கசா!” ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த ஹோம்காட், “ஹரி!”, சரி என்று. பிறகு பட்டீர். மறுபடி கசா, மறுபடி ஹரி. மடுவத்துப் பிள்ளைகள் ‘அம்மா’, ‘அப்பா’ சொல்வதற்கு முன்னாலேயே இந்த இரண்டையும் பேசப் பழகின. ஹரி வராவிட்டால் அவள் அடிக்க மாட்டாள். சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, “மல்லி சோறு திங்கப் போயிட்டான் போல” என்று காத்து நிற்பாள். ஒரு நாள் அவனுக்குப் பதில் வந்த வேறொரு ஆள் ஹரி என்று கத்தினான். “கொரல் வேற” என்று சாட்டையைச் சுருட்டிவிட்டாள்.

அவன் கித்துள் மரத்தில் கள் சீவுகிற குடும்பத்துப் பையன். கூப்பனுக்கு நிற்கிற மாதிரி வரிசையில் நின்று துவக்கு வாங்கியவன்; அதைச் சுட நேரும் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று ஒரு தடவை ஆயம்மாவிடம் குறைபட்டுக்கொண்டான். எப்போதாவது கித்துள் பாகான பாணி ஒரு போத்தல் கொண்டுவந்து வைப்பான். அவளை “அக்கே” என்பான். வருஷங்கள் போயின. அவனுக்குத் தொப்பை விழுந்தது, ஆயம்மாவுக்குத் தலை நரைத்தது. எங்களுக்கும் கரண்ட் வந்தது. கசாவும் ஹரியும் மட்டும் அப்படியே இருந்தன. என் கூறையின் குஞ்சம் இரண்டு பக்கமும் தீர்ந்துபோனது. அதைப் பற்றி நான் இனி ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கடைசியாக ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன நாள். காலையிலிருந்து சந்தியில் வெடி. ரோட்டில் போகிற பஸ்ஸை நிறுத்திப் பாற்சோறு கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். லயத்தில் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டோம். இரண்டு வீட்டுக்கு வன்னியில் சொந்தம் இருந்தது. மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அந்த வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் பற்றவைக்கவில்லை.

ஆயம்மா கட்டிலுக்கடியில். பக்கத்தில் தரையில் நான். சந்தியில் ஒவ்வொரு கட்டு வெடிக்கும்போதும் கட்டில் ஆடியது. பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. காதில் எவ்வளவு பஞ்சை அடைத்தாலும் நெஞ்சுக்குக் கேட்கத்தானே செய்யும்.

மத்தியானத்துக்கு மேல் ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

“அக்கே... ரதிஞ்ஞா!”

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி வந்தது.

“அக்கே! வெடி நெமெய், ரதிஞ்ஞா!”

சுடவில்லை, சீனவெடி. எழுந்து பின்கதவைத் திறந்து பார்த்தேன். கொட்டிலுக்கு முன்னால் கம்பத்தில் ஒரு நீளமான வெடிக் கட்டுத் தொங்கியது. சுற்றி நாலைந்து பேர். மல்லி கையில் கொள்ளிக்கட்டையோடு எங்கள் லயத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கொளுத்து கொளுத்து என்கிறார்கள். அவன் கொளுத்தவில்லை. ஹரிக்குக் காத்து நிற்கிறான்.

நான் உள்ளே ஓடி, கட்டிலுக்கடியில் குனிந்து, அவளுடைய ஒரு காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினேன்.

“அக்கா, மல்லி. வெடி கொளுத்தப் போறாங்களாம். ஒங்ககிட்ட கேக்குறான்.”

“எங்கிட்டயா?”

“ஆமா.”

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொல்லாட்டி?”

“கொளுத்த மாட்டான் போல.”

அவள் தவழ்ந்து வெளியே வந்து சேலையைச் சரிபண்ணிக்கொண்டாள். பின்பக்கம் நடந்தாள். சாட்டையை எடுக்கவில்லை. அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு கையையும் வாய்க்கருகே குவித்தாள். கத்தினாள்.

“எபா மல்லி!”

வேண்டாம் தம்பி.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. யாரோ ஏதோ கோபமாகச் சொன்னார்கள். மல்லி கொள்ளிக்கட்டையைக் கீழே போட்டுக் காலால் மிதித்தான். கம்பத்திலிருந்து வெடிக் கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“ஹரி!” என்றான்.

சந்தியில் இருட்டும்வரை வெடித்துக்கொண்டுதான் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் வெடிக்கவில்லை. ஆயம்மா அங்கேயே நின்று எதிர்மலையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மற்றக் காதிலிருந்த பஞ்சையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“அடுப்பப் பத்த வை புள்ள. அந்த ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒலை வை” என்றாள்.